கூழைக்கடாவின் இரண்டாம் பாதி

நவம்பர் 13, வியாழன்

'இறகுப் படை' படத்தின் முதல் பாதி மட்டும் இன்று கோதையின் பள்ளியில் காட்டப்பட்டது. இரண்டாம் பாதி அடுத்த வெள்ளிக்கிழமை, 21ஆம் தேதி காட்டப்படும். உறுதி செய்தவர் தலைமையாசிரியை லீலாவதி, மாலையில், தொலைபேசியில்.

காரணத்தையும் அவரே சொன்னார். பள்ளியில் இருப்பது ஒரே கூடம். சத்துணவும் அங்கேதான். படம் ஓடிக்கொண்டிருந்தபோது சோறு வெந்துவிட்டது, முட்டையும் அவிந்துவிட்டது. அந்த நேரத்தில் திரையில் 'இடைவேளை' என்று வந்தது. விளக்கைப் போட்டு, திரையைச் சுருட்டி, தட்டுகளை வைத்துவிட்டார்கள். நாளை அதே கூடத்தில் குழந்தைகள் தின விழா. அடுத்த வாரம் வியாழன் வரை ஆசிரியர் பயிற்சி. ஆகவே வெள்ளி.

"நாங்க நடுவுல வெட்டலயே அண்ணாச்சி. இடைவேளைன்னு அவனே போட்டுட்டான்லா" என்றார்.

அவன் அதைப் போட்ட இடம் எது என்று கேட்டேன். சொன்னார். வேட்டைக்காரன் சுடுகிறான். அப்பா கூழைக்கடா நாணலுக்குள் விழுகிறது. குஞ்சு கத்துகிறது. ஒரு வெள்ளை இறகு தண்ணீரில் மிதந்து வந்து மெதுவாகச் சிவக்கிறது. இடைவேளை. பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் சாம்பார் சாதமும் முட்டையும்.

கோதை என் மகள் செண்பகத்தின் பிள்ளை. ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. முட்டையைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"கூழைக்கடா அப்பா செத்துட்டா தாத்தா?"

"இன்னும் பாதிப் படம் இருக்குல்லா" என்றேன்.

"அது எப்ப?"

அடுத்த வெள்ளி என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு கை போதவில்லை.

தண்ணீர் மோட்டார் மறுபடி காற்று வாங்குகிறது. ஆள் நாளை வருகிறானாம். செண்பகம் தபால் நிலைய வேலை முடிந்து வர ஏழாகிவிட்டது. சாப்பிட்ட பிறகு, வழக்கம்போல், கோதைக்கு அவள் அப்பாவின் செய்தியை என் கைபேசியிலிருந்து வாசித்தேன். மருமகன் குமரகுரு கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். இன்றைய செய்தி டால்பின்கள், கப்பலுக்கு முன்னால் நீந்தியவை. தினமும் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்வாள். இன்று சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பாளையங்கோட்டையில் ஐந்து பள்ளிகளில் குழந்தைகள் தின விழா. ஐந்துக்கும் செய்திக்காகப் போனேன். ஐந்திலும் பேசியவர்கள் குழந்தைகளைப் பூ என்றார்கள். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேறெதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். 'கூழைக்கடா கொண்டுவந்தது'. பதினாறு பக்கம். எழுதி வரைந்தவர் ஜெபமலர், நாங்குநேரிப் பக்கத்தில் ஓவிய ஆசிரியை. அது வெளிவந்தபோது எங்கள் பத்திரிகையில் அறிமுகம் எழுதியவன் நான்.

கதை இவ்வளவுதான். அப்பா கூழைக்கடா காலையில் குளத்துக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். குஞ்சு அதன் அலகுப் பைக்குள் தலையை விட்டு என்ன கொண்டுவந்தாய் என்று பார்க்கும். ஒரு நாள் கெண்டை. ஒரு நாள் ஒற்றைச் செருப்பு. ஒரு நாள் யாரோ குளத்தில் விட்ட காகிதக் கப்பல். கடைசிப் பக்கத்தில் பை காலி. குஞ்சு அதற்குள் ஏறிச் சுருண்டு தூங்கிவிடுகிறது. துப்பாக்கி கிடையாது. கெட்டவன் என்று ஒருவனே கிடையாது. ஜூலையிலிருந்து இந்த வீட்டில் இந்தப் புத்தகத்தை எத்தனை முறை வாசித்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அட்டை கிழிந்து, செண்பகம் பழைய சேலைக் கரையை வைத்து ஒட்டியிருக்கிறாள்.

இதை எடுத்து, நெஞ்சில் குண்டு பாய்ச்சி, 'குழந்தைகளுக்கான படம்' என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். சுவரொட்டியில் ஒரு பலூன் வேறு.

ஜெபமலரைக் கூப்பிட்டேன். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் குரல் இறங்கவில்லை. மூன்று வருடமாக அச்சில் இல்லாத புத்தகம் என்றார், படம் வந்தபின் மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் வாங்குகிறார்கள். உரிமை கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை எழுதி வாங்கினாராம்.

"கடைசிக் காட்சியில அப்பா வீட்டுக்கு வந்தே ஆவணும்னு எழுதச் சொன்னேன் சார். அதுல ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னேன். அத மட்டும் அவங்க மீறல. வந்துருது."

"சுட்ட பிறகா?"

"சுடக் கூடாதுன்னு எழுதி வாங்கணும்னு எனக்குத் தோணல சார். கூழைக்கடாவ யாரு சுடுவா? எங்க ஊருல அது கூடு கட்டுதுன்னா தீபாவளிக்கு வெடியே போட மாட்டோம்."

போனை வைத்துவிட்டேன்.

கோதையிடம் புத்தகத்தை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். செய்தி வாசித்தேன். கப்பலில் சமையல்காரர் செய்த பாயசம்.

நவம்பர் 15, சனி

படத்தின் சான்றிதழைப் பார்த்துவிட்டேன். 'யுஏ 7+'. அதாவது ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் துணையோடு, பெற்றோர் முடிவு செய்த பிறகு, பார்க்க வேண்டிய படம். பள்ளிக்குப் படத்தைக் கொண்டுவந்த விநியோகஸ்தரின் ஆள் 'சின்னப் பிள்ளைகள் படம்' என்று சொல்லியிருக்கிறான். படத்தின் தொடக்கத்தில் திரையை நிறைத்துக்கொண்டு அந்தச் சான்றிதழ் வருகிறது. கூடத்தில் ஐந்து ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக்கொண்டிருந்தார்களாம்.

இயக்குநர் பிரணவ் மதியம் கிடைத்தார். சென்னையிலிருந்து பேசினார். நான் பத்திரிகை என்றதும் உற்சாகமாகிவிட்டார். விமர்சனம் என்று நினைத்திருப்பார்.

"சார், பதினாறு பக்க புக்கு. அப்பா போறாரு, வர்றாரு. போறாரு, வர்றாரு. அத வெச்சு ரெண்டு மணி நேரம் எப்படி ஓட்டறது? இன்டர்வல் பிளாக்னு ஒண்ணு வேணும்ல? அந்த எடத்துல அடிவயிறு கலங்கணும். இல்லன்னா பாப்கார்ன் வாங்கப் போனவன் அப்படியே பைக்க எடுத்துட்டு போயிடுவான்."

அடிவயிறு யாருடையது, எத்தனை வயது என்று கேட்டேன்.

"இப்ப இருக்கற பசங்க போன்ல என்னென்ன பாக்கறாங்க, ஒங்களுக்குத் தெரியாதா சார்? அதுவும் நாங்க தியேட்டருக்கு எடுத்தோம். பதினஞ்சு நிமிஷத்துல செகண்ட் ஹாஃப் வந்துடும். ஒரு வாரம் இன்டர்வல் விட்டது யாரு, நானா? ஏழு ப்ளஸ்னு நாங்க போட்ருக்கோம். படிக்காதது ஸ்கூலு."

அந்த ஆள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் ஆத்திரம். இடைவேளையைப் பாப்கார்னுக்காக வைத்தவனும் அதை முட்டைக்காக ஒரு வாரம் நீட்டியவர்களும் தனித்தனியே நியாயமாகப் பேசுகிறார்கள். நடுவில் முப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செத்த பறவையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

பேச்சை முடிக்குமுன் அவர், என் பெயரைச் சரியாகப் போடுங்கள், கடைசியில் 'ப்' போட்டுவிடாதீர்கள் என்றார். எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மோட்டார் ஆள் வந்தான். கோதை கட்டிலிலிருந்து விழுந்து விளையாடுகிறாள். ஏறுகிறாள், கையை விரிக்கிறாள், விழுகிறாள். எதிர்வீட்டுப் பிள்ளை கிட்டே போய் எழுப்பினால் கோபப்படுகிறாள். "நீ பாக்கக் கூடாதுட்டீ. நாணலுக்குள்ள கெடக்கேன்" என்கிறாள்.

செய்தி எழுதி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

ஐந்தாம் பக்கம், நான்கு பத்தி, படத்தோடு. தலைப்பு என்னுடையது அல்ல, இருந்தாலும் குற்றமில்லை. சான்றிதழ், ஒரு வார இடைவெளி, பெற்றோர் மூவரின் பேச்சு, இயக்குநரின் விளக்கம், எல்லாம் அதனதன் இடத்தில். கடைசிப் பத்தியில், இரண்டாம் பாதியைத் தள்ளிப்போடாமல் உடனே காட்ட வேண்டும் என்று பெற்றோர் கோருவதாக எழுதியிருந்தேன். அந்தப் பெற்றோரில் ஒருவர் கேட்டதுதான், ஆனால் அவரிடம் அப்படிக் கேட்கலாமே என்று சொன்னவன் நான். 'இறுதிக் காட்சியில் தந்தைப் பறவை உயிருடன் திரும்புவதாக நூலாசிரியர் தெரிவித்தார். அதைப் பார்த்தால் பிள்ளைகளின் பயம் தெளியும்' என்றும் எழுதியிருந்தேன்.

காலை எட்டு மணிக்கே பள்ளி வாசலில் பத்துப் பதினைந்து பேர். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க எழுதினதாலதான் எங்களுக்கே வெவரம் தெரிஞ்சுது என்றார். அவருடைய பையன் மூன்று நாளாக அப்பாவை வேலைக்குப் போகவிடாமல் பைக் சாவியை ஒளித்துவைக்கிறானாம். தலைமையாசிரியை வெளியே வந்து, ஆசிரியர் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டோம், புதன்கிழமை காலையே இரண்டாம் பாதி என்று அறிவித்தார். கைதட்டினார்கள். செய்தி ஆசிரியர் கூப்பிட்டு, அண்ணாச்சி இந்த வயசுலயும் அடிக்கீங்க என்றார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

செண்பகம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றாமலே பேப்பரைக் கேட்டாள். நின்றபடி வாசித்தாள். கடைசிப் பத்திக்கு வந்தபோது நிறுத்தினாள்.

"புதன்கிழமை கோதையும் பாப்பா. என்னப்பா?"

ஆமாம், வகுப்போடு என்றேன்.

"அப்பா கூழைக்கடாவ சுட்டாவ, செத்துட்டுன்னு எல்லாரும் அழுதாவ, பொறவு அது திரும்பி வந்துட்டு. இத உக்காந்து பாப்பா. பாத்துட்டு வந்து என்ன கேப்பான்னு நெனைக்கிய?"

பேப்பரை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"நாலு மாசமா தெனமும் மெசேஜ் எழுதுதியளே. அதுக்கும் ஒண்ணு எழுதி வச்சிருக்கியளா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கோதை பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாள்.

இங்கே எழுதிவைக்கிறேன். மற்ற எந்த மரணத்தையும் எழுதுவதைப் போலவே. குமரகுரு, வயது முப்பத்தாறு, ஜூலை 3ஆம் தேதி, கப்பல் கொழும்பைக் கடந்த பிறகு, இன்ஜின் அறையில் நீராவிக் குழாய் வெடித்து இறந்தார். தகவல் தந்தது கப்பல் நிறுவனம். பெட்டி ஜூலை 9 அன்று வந்தது. திறக்க வேண்டாம் என்று அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். திறக்கவில்லை. கோதை அந்த வாரம் நாகர்கோவிலில் செண்பகத்தின் தோழி வீட்டில் இருந்தாள். அவளுக்குச் சொல்லவில்லை. முதலில், ஒன்றாம் வகுப்பு கொஞ்சம் பழகட்டும் என்றோம். பிறகு காலாண்டுத் தேர்வு முடியட்டும். பிறகு தீபாவளி முடியட்டும். மாலை போட்ட படம் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

செய்திகளை எழுதுகிறவன் நான். அவற்றுக்கு வேறு ஆதாரம் இல்லை.

இன்று வாசிக்கவில்லை. சிக்னல் இல்லை என்று சொன்னேன்.

நவம்பர் 18, செவ்வாய்

முப்பத்திரண்டு வருடத் தொழிலில் இல்லாததாக, பார்க்காத ஒன்றைப் பற்றிப் 'பயம் தெளியும்' என்று எழுதிவிட்டேன். காலையில் ஜங்ஷனில் விநியோகஸ்தரின் அறைக்குப் போனேன். அந்த ஆள் லேப்டாப்பில் இரண்டாம் பாதியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான்.

குஞ்சு படை திரட்டுகிறது. நாரைகள், கரண்டிவாயன்கள், கொசு உள்ளான்கள் எல்லாம் ஹெல்மெட் போட்டு வருகின்றன. வேட்டைக்காரன் சேற்றில் விழுகிறான். அவ்வளவும் சத்தம், அது போகட்டும். கடைசியில் சூரியன் உதிக்கும்போது நாணல் விலகுகிறது. அப்பா கூழைக்கடா நடந்து வருகிறது. சிறகில் ஒரு துணிக்கட்டு. நெஞ்சில் பாய்ந்த குண்டு என்ன ஆயிற்று என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. ஒரு கிழட்டு நாரை மட்டும், 'செத்துட்டார்னு சொன்னோமே தவிர, நாணலுக்குள்ள போய் யாரு பார்த்தா?' என்று வசனம் பேசுகிறது. உடனே பாட்டு. 'போனவர் வருவார்' என்பது பல்லவி.

அந்தப் பாட்டின் கடைசி வரி முடியும் வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். முதல் பாதி பயம்தான் காட்டியது. பயத்துக்கு ஒரு பிள்ளையிடம் பதில் சொல்லிவிடலாம். இந்தப் பாதியை எடுத்தவர்களை என்ன செய்வது? சுட்டதைக்கூட மன்னிப்பேன். எழுப்பி நடக்கவிட்டதை மன்னிக்க மாட்டேன். அப்பா இல்லாத பிள்ளை எந்த ஊரில் எந்தப் பள்ளியில் இல்லை? அத்தனை பேரையும் கூடத்தில் உட்காரவைத்து, போய்ப் பார்க்காததால்தான் உன் அப்பா செத்துப்போயிருக்கிறார் என்கிறார்கள். இந்தப் பாதிக்குத்தான் ஏழு வயதும் போதாது, பதினேழும் போதாது.

டீ குடித்துவிட்டு வந்தவன், எப்படி சார், அழுதுட்டீங்களா, எல்லாரும் அழுவாங்க என்றான்.

நேராகப் பள்ளிக்குப் போனேன். நாளைய காட்சியை நிறுத்துங்கள் என்றேன். லீலாவதி டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான அண்ணாச்சி உடனே போடணும்னு பேப்பர்ல எழுதுனிய?"

படம் பொய் என்றேன். இரண்டாம் பாதி முதல் பாதியைவிடக் கெடுதி என்றேன். பிள்ளைகளின் மனது, சாவு பற்றிய தவறான எண்ணம் என்று எதையெதையோ அடுக்கினேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் நிறுத்தினால் நாளை அதே பத்துப் பதினைந்து பேர் வாசலில் நிற்பார்கள், பைக் சாவியை ஒளிக்கும் பையனுக்கு அந்தப் பறவை திரும்பி வருவதைக் காட்டியே ஆக வேண்டும் என்றார். கோதையை வேண்டுமானால் ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வைத்துக்கொண்டால் மறுநாள் மற்றப் பிள்ளைகள் கதையைச் சொல்லிவிடுவார்கள் என்றேன். அப்போதுதான் எனக்குக் குரல் ஏறிவிட்டது. உங்கள் பள்ளி ஒரு பாதியைக் காட்டி மறு பாதியை மறைத்தது, அதிலிருந்துதான் எல்லாம் வந்தது, இதற்கு நீங்கள் பொறுப்பு என்று கத்தினேன். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு நின்றது.

லீலாவதி டீச்சர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நாங்க ஒரு வாரந்தான் அண்ணாச்சி மறைச்சோம்" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். ஜூலையிலிருந்து கோதையின் வகுப்பில் 'அப்பா' பாடத்தை நடத்தவில்லையாம். அப்பா படம் வரையச் சொன்னால் எல்லாரும் கப்பல் வரைகிறார்களாம், கோதை வரைகிறாள் என்பதற்காக. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் செண்பகத்திடம், அரையாண்டு விடுமுறையில் சொல்லலாம், நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போடுவோம் என்றேன். எப்படிச் சொல்வது என்று ஒரு தாளில் குறித்தும் வைத்திருந்தேன். அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"நீங்க ஒண்ணும் எழுதித் தராண்டாம்ப்பா. படம் பாக்கதுக்கு முன்னால நாஞ் சொல்லுதேன். நாளைக்கு காலைல."

"அழுவாளே."

"அழட்டும். நான் எங்க அழுதேன் இந்த வீட்டுல? பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுக்கிட்டு அழுதேன். மோட்டாரு கெட்டுதுன்னு நீங்க ஆளக் கூப்புடுதிய."

நவம்பர் 19, புதன்

சொல்லியாகிவிட்டது. காலை ஏழரைக்கு, அடுப்படியில். சொன்னவள் செண்பகம். நான் வாசற்படியில் நின்றேன்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. அப்பா கப்பல்ல இன்ஜின் வெடிச்சு செத்துட்டாவ, ஆனி மாசமே செத்துட்டாவ, ஒனக்குச் சொல்லாம இருந்துட்டோம், இனிமே வரமாட்டாவ என்றாள். கோதை தட்டில் இருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மெசேஜ் என்று மட்டும் கேட்டாள். செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் எழுதினேன் என்றேன். கோதை என் பக்கம் திரும்பவில்லை. அழவும் இல்லை. யூனிபாரத்தை மாட்டிவிடச் சொன்னாள். வீட்டில் இருக்கலாம் என்று செண்பகம் சொன்னதற்கு, படம் இருக்கு என்றாள். தடுக்கவில்லை. பீரோவிலிருந்து படத்தை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, செண்பகமே அவளைப் பள்ளியில் விட்டாள்.

நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. மாநகராட்சிக் கூட்டச் செய்தி வேறு ஒருவருக்குப் போயிற்று.

மதியம் லீலாவதி டீச்சர் கூப்பிட்டார். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். பைக் சாவிப் பையன் விசிலே அடித்தானாம். கோதை கைதட்டவில்லை. அழவும் இல்லை. திரைக்கு மிகப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாளாம்.

நான்கு மணிக்கு வந்தாள். பையைக் கழற்றி வைத்துவிட்டு, மாலை போட்ட படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் நாற்காலிக்கு எதிரே வந்தாள்.

"நாணலுக்குள்ள யாரும் போய்ப் பாக்கல தாத்தா. அதான் செத்துட்டுன்னு சொல்லிட்டாவ. அது உயிரோடதான் இருந்திருக்கு."

அது படம் என்றேன்.

"எங்கப்பாவ யாரு பாத்தா?"

செத்தது உண்மை, கப்பல் கம்பெனியே சொல்லியிருக்கிறது, தாள் இருக்கிறது என்றேன்.

"நீ பாத்தியா?"

"இல்ல."

"அம்மா?"

"பெட்டிய மூடித்தான் கொண்டாந்தாவ. தொறக்கக் கூடாதுன்னுட்டாவ."

"அப்ப யாருமே பாக்கல" என்றாள். அவள் முகத்தில் வந்ததை நான் எழுத மாட்டேன். காலையில் செண்பகம் சொன்ன அத்தனையையும் அந்தக் கிழட்டு நாரையின் ஒரு வசனம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வசனத்தை எழுதியவன் இந்நேரம் எங்கேயோ அடுத்த இடைவேளையை யோசித்துக்கொண்டிருப்பான்.

ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஒரு சாவுச் செய்தி வந்தால் புதிதாகச் சேரும் நிருபர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதுதான். இந்த நான்கு மாதத்தில் நான் யாரிடமும் கேட்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

கேட்டேன். கப்பல் நிறுவனத்தில் இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாமவர் சொன்னார். வெடித்தபோது இன்ஜின் அறையில் குமரகுருவோடு இருந்தவர் மூன்றாம் இன்ஜினியர் பெலிக்ஸ். தூத்துக்குடிக்காரர். அவரே தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறியிருக்கிறார். அவருடைய கைகளிலும் தீக்காயம். இப்போது வேறொரு கப்பலில் இருக்கிறார்.

மதியம் வாட்ஸ்அப்பில் கிடைத்தார். நான் யார் என்று சொன்னதும், தெரியும் என்றார். அவர் ஜூலையிலேயே இரண்டு முறை செண்பகத்தைக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது நான்தான். இப்போது வேண்டாம் தம்பி, பிறகு பேசலாம் என்றிருக்கிறேன். எனக்கு நினைவில்லை.

"கடைசில அண்ணன் பேசுனாவ அண்ணாச்சி" என்றார். "பிள்ள பேரத்தான் சொன்னாவ. அத சொல்லலாம்னுதான் கூப்புட்டேன்."

ஆறு வயதுப் பிள்ளையிடம் நேரில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். எவ்வளவு சொல்லட்டும் என்று கேட்டார். செண்பகம் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அவ எவ்வளவு கேக்காளோ அவ்வளவு சொல்லுங்க. எங்கப்பா ஏதாவது எழுதித் தந்தாவன்னா வாங்காதிய."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. செண்பகமும் சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு முதல் முறை.

கோதையிடம் சொன்னேன், பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், வருகிறார் என்று. பக்கத்துலயே இருந்தாவளா என்று கேட்டாள். பக்கத்திலேயே என்றேன். தொட்டாவளா என்றாள். தூக்கினார் என்றேன். யோசித்தாள். அவர் வரும் வரை அம்மாவோ நானோ இதைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது என்றாள். சரி என்றோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என் கைபேசியைக் கேட்கவில்லை.

இயக்குநருக்கு மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. மாவட்டத்தில் மற்றப் பள்ளிகளில் படத்தைக் காட்டலாமா என்பது பற்றிக் கல்வி அலுவலகத்தின் முடிவு திங்கள்கிழமை, 24ஆம் தேதி தெரியும் என்கிறார்கள். எந்த முடிவானாலும் இரண்டு பாதியையும் பார்த்துவிட்டு எழுதுவேன்.

பெலிக்ஸின் கப்பல் 28ஆம் தேதி தூத்துக்குடிக்கு வருகிறது. ஞாயிறு, 30ஆம் தேதி காலையில் இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கோதைக்கு அவள் அப்பா இறந்தது உறுதி செய்யப்படாத தகவல்.